டாக்ஸ்ஹண்ட் கூட்டத்துக்கு நாயோடு கிளம்பும்போது: தள்ளுவண்டியா, துணிக்கூண்டா, தோள்பையா?

நாயோடு பயணம் போக என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று தேடினால் வரும் பட்டியல்களில் பாதி, நாள் முழுக்க நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்காக எழுதியவை. சிங்கப்பூரில், டாக்ஸ்ஹண்ட் (நீள முதுகு, குட்டைக்கால் நாய்) வளர்ப்பவர்கள் நாயோடு ஒன்றுகூடும் கூட்டத்துக்குப் போகும் நமக்கு அந்தக் கவலை இல்லை. ஜூரோங்கில் ஏறி பாசிர் ரிஸ்ஸில் இறங்கினாலும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். இங்கே நாயை வாட்டுவது போய்ச் சேர்ந்த பிறகு வரும் இரண்டு மூன்று மணி நேரம்தான்: 32 டிகிரி வெயில், பிசுபிசுக்கும் புழுக்கம், கால் சுடும் நடைபாதை, ஒரே இனத்து நாய்கள் கூட்டமாக நின்று குரைக்கும் சத்தம். அதனால் கீழே எல்லாவற்றையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான். போகிற வழிக்கு மட்டும் உதவுகிறதா, அங்கே காத்திருக்கும்போதும் உதவுகிறதா?

முதலில் எப்படிப் போவது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் அதை வைத்துத்தான் மூட்டையின் அளவு. வீவக வீடுகளில், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளில், ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மினியேச்சர் டாக்ஸ்ஹண்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோர்கி, கோல்டன் ரெட்ரீவர் இல்லை. (நம்மூர் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இல்லை, கேட்கவே வேண்டாம்.) இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. கோல்டன் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தனியார் வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் சொந்தக் காரில் வருவார்கள், பின்பக்கம் முழுக்கச் சாமான் இருக்கும். டாக்ஸ்ஹண்ட், ஷிட்சு, பூடில் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் கார் கிடையாது. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களை ஏற்ற மாட்டார்கள், கூண்டுக்குள் வைத்தாலும் சரி. ஆக, கையில் தூக்க முடிந்ததுதான் சாமான்.

மீதி இருப்பது மூன்று வழி. சாதாரண டாக்சியில் ஏற்றுவது ஓட்டுநரின் விருப்பம். சிலர் சிரித்துக்கொண்டே ஏற்றுவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், நாயின் எச்சில் பட்டால் சமயக் காரணத்தால் சங்கடப்படுகிறவர்களும் உண்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிராப் வாடகைக்கார் செயலியின் கிராப்பெட் மாதிரி செல்லப்பிராணிகளுக்கென்றே இருக்கும் சவாரிக்குக் காசு கூட, ஆனால் வருகிற ஓட்டுநர் நாய் வரும் என்று தெரிந்தே வருகிறார். அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் காசுதான் அது. மூன்றாவது, நாய்களை ஏற்றவே வைத்திருக்கும் தனி வேன். ஒரு நாய்க்கு அது வீண் செலவு. ஒரே பேட்டையில் இருக்கும் நாலு குடும்பம் சேர்ந்தால் கணக்கு வேறு, கிராப்பில் ஏற்ற யோசிக்கும் பெரிய சாமான்களையும் ஏற்றிவிடலாம். போகும்போது எதில் போனாலும் பரவாயில்லை. திரும்பும்போதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தட்டுவார்கள், அந்த அரை மணி நேரத்துக்கு நாயை எங்கே வைத்திருப்பீர்கள் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தலைப்பில் கேட்ட கேள்வி. போட்டியில் நான்கு பேர்: கெட்டிப் பிளாஸ்டிக் கூண்டு, மடக்கும் துணிக்கூண்டு, தள்ளுவண்டி, தோள்பை.

தோள்பையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், நாய் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வரும், படம் அழகாக விழும். டாக்ஸ்ஹண்டுக்கு மட்டும் வேண்டாம். இந்த இனத்தில் ஐந்தில் ஒன்று அளவுக்கு வாழ்நாளில் எப்போதாவது முதுகெலும்பு வட்டுச் சிக்கல் வருகிறது, சிலவற்றுக்குப் பின்னங்கால் விளங்காமலே போய்விடும். முதுகை நட்டுக்குத்தலாக வைத்து உட்கார வைக்கும் பை, நடுவில் குழிந்து தொங்கும் துணித்தொட்டில் இரண்டுமே அந்த முதுகுக்கு ஆகாது. சிவாவாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் உங்கள் உடம்புச் சூடும் நாயின் சூடும் சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்காதீர்கள், பத்து நிமிடத்துக்கு மேல் உங்களுக்கு வேர்த்துக் கொட்டும். நாய்க்கு நம்மைப் போல் வேர்க்காது என்பதுதான் இன்னும் மோசம்.

கெட்டிக்கூண்டு சொந்தக் காரில் வருகிறவர்களுக்குச் சரி. சடன் பிரேக் போட்டால் நாய் பறக்காது, மேலே இன்னொரு சாமானை வைக்கலாம், கழுவிவிடலாம். ஆனால் கனம், கிராப்பில் பின் இருக்கையில் நுழைவதும் கஷ்டம், நுழைந்தாலும் கார் நிறுத்துமிடத்திலிருந்து கடற்கரை வரைக்கும் யார் தூக்குவது? காற்றோட்டமும் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான், வெளியில் காற்றே அசையாத நாளில் உள்ளே அடுப்புதான்.

துணிக்கூண்டு இதற்கு நேர் எதிர். மடக்கித் தோளில் மாட்டலாம், நாலு பக்கமும் வலை, புல்தரையில் விரித்தால் நாய்க்கு ஒரு வீடு கிடைத்துவிடுகிறது. குறை என்னவென்றால் டாக்ஸ்ஹண்ட் ஜெர்மனியில் வளைக்கரடியின் பொந்துக்குள் தோண்டிக்கொண்டு போவதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். கூண்டில் இருந்து பழகாத நாயை அதற்குள் விட்டால் வலையை ஒரு மணி நேரத்தில் கிழித்துவிடும். கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வீட்டில் விரித்து, உள்ளே சாப்பாடு வைத்து, கதவைத் திறந்தே போட்டுப் பழக்கியவர்களுக்கு மட்டும்தான் இதைச் சிபாரிசு செய்வேன்.

தள்ளுவண்டியைப் பார்த்து "நாய்க்குப் பிள்ளை வண்டியா?" என்று தாத்தா பாட்டி சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும். முதுகு தட்டையாக இருக்கும், சுடும் சிமெண்டிலிருந்து கால் தப்பிக்கும், மற்ற நாய்கள் மூக்கை நுழைக்க முடியாது, கீழ்த்தட்டில் தண்ணீர்ப் புட்டி, துண்டு, பை எல்லாம் போகும். முக்கியமாகச் சவாரிக்குக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் நாய்க்கு உட்கார ஓர் இடம் இருக்கும். ஆனால் வண்டி மடங்கும்போது கிராப்பின் பின்பெட்டிக்குள் நுழைகிற அளவா என்று பார்த்து வாங்குங்கள். மழைக்கான பிளாஸ்டிக் உறையைத் தூறல் நின்றதும் கழற்றிவிட வேண்டும், போட்டபடியே விட்டால் உள்ளே வேக்காடு. வண்டியிலிருந்து குதிக்கவும் விடாதீர்கள், ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை இடுப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கி இறக்குங்கள்.

என் முடிவு: கார் இல்லாதவர்களுக்குத் தள்ளுவண்டி, அதுவும் முதல் முறை போகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். கார் இருந்து, கூண்டில் பழகிய நாயும் இருந்தால் காரில் கெட்டிக்கூண்டு, தரையில் துணிக்கூண்டு. இரண்டையும் வாங்கக் காசு இல்லை என்றால் காருக்குள் நாய்க்கான இருக்கைப்பட்டியும் வெளியே துணிக்கூண்டும் போதும். தோள்பை கடையிலேயே இருக்கட்டும்.

குளிர்ச்சி விஷயத்தில்தான் பலரும் தவறான பொருளுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். தண்ணீரில் நனைத்துப் போடும் குளிர்ச்சிச் சட்டை இருக்கிறதே, அது ஈரம் ஆவியாவதை நம்பி வேலை செய்கிறது. காய்ந்த வெயில் அடிக்கும் ஊரில் அருமையாக வேலை செய்யும். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல், சட்டை காயவே காயாது, கொஞ்ச நேரத்தில் நாய் வெதுவெதுப்பான ஈரப்போர்வைக்குள் நிற்கிறது. நாய் மூச்சிரைத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதும் இதே ஆவியாதல்தான் என்பதால் அதற்கும் இங்கே பாதிப் பலன்தான். ஜெல் பாய் பரவாயில்லை, ஆனால் நாய் படுத்துக் கொஞ்ச நேரத்தில் அதுவும் சூடாகிவிடும், கடித்துப் பிய்க்கும் நாய்க்கு ஆபத்தும்கூட. இந்த இரண்டையும் தோற்கடிப்பது ரொம்ப மலிவான ஜோடி: முஸ்தபாவிலோ பேட்டைக் கடையிலோ கிடைக்கும் பேட்டரி மின்விசிறி, கூடவே இரவே உறையவைத்துத் துண்டில் சுற்றிய இரண்டு தண்ணீர்ப் புட்டி. விசிறியைத் தள்ளுவண்டியின் விளிம்பில் மாட்டுங்கள், புட்டியைப் பக்கத்தில் வையுங்கள், உருக உருக அதுவே குடிதண்ணீர்.

நாயின் இயல்பான உடல் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகித் தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறியைக் காட்டிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத்துண்டை மேலே போர்த்தி வைக்காதீர்கள், சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். பக், பிரெஞ்ச் புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களின் கூட்டம் என்றால் வெட்டவெளியில் நடத்துவதே சரியில்லை என்பேன், குளிரூட்டிய இடம் பாருங்கள்.

காலையா மாலையா? ஏற்பாட்டாளர்கள் மாலை ஐந்து மணியை விரும்புவார்கள், படத்துக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று. நான் காலை எட்டு மணிக் கட்சி. மாலையில் காற்று குளிர்ந்தாலும் நாள் முழுக்கச் சூட்டைக் குடித்த சிமெண்டு இன்னும் சுடும், டாக்ஸ்ஹண்டின் வயிறோ தரையிலிருந்து ஒரு கை அகலம் மேலே. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையும் வேறு. காலையில் 'சுமத்ரா' சூறைக்காற்று வரலாம்தான், ஆனால் அது அடித்துவிட்டுப் போனால் அதற்குப் பிறகு தரை குளிர்ந்து கிடக்கும். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிஷான், வெஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் வேலி போட்ட நாய் ஓட்டக்களம் இருக்கிறது, அதற்குள்தான் வாரைக் கழற்றலாம். செந்தோசாவில் தஞ்சோங் கடற்கரை திறந்த வெளி, வார் கட்டாயம், மணல் பகலில் சுடும். எனக்கு நிழல் மரம் இருக்கிற எந்த இடமும் சம்மதம்.

வார் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: இழுத்தால் நீளும் சுருள்வாரை இந்த மாதிரிக் கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஐந்து மீட்டர் மெல்லிய கயிறு, இருபது குட்டைக்கால் நாய்கள், நடுவில் ஐஸ்கிரீமோடு நிற்கும் குழந்தைகள். ஒன்றரை மீட்டர் சாதாரணத் துணிவார், கழுத்துப்பட்டியில் மாட்டாமல் மார்புப்பட்டியில் மாட்டியது, போதும். கழுத்துப்பட்டியில் தொலைபேசி எண் பொறித்த தகடு மட்டும் தொங்கட்டும். உரிமத்துக்காகத் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்திருப்பீர்கள், நல்லதுதான், ஆனால் அதைப் படிக்கக் கருவி வேண்டும், தகட்டைப் படிக்க கண் போதும். உரிமம் காலாவதியாகிவிட்டதா என்றும் ஒரு முறை பாருங்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாததற்கு 90.

சாப்பாட்டில் போட்டி உலர்தீனிக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும். எங்கள் வீட்டில் தயிர்சாதம்தான் ராஜா, ஆனாலும் கூட்டத்து நாளில் உலர்தீனி ஜெயிக்கும். தயிரும் கோழியும் இந்த வெக்கையில் சீக்கிரம் கெட்டுப்போகும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் வழக்கமான அளவில் பாதி கொடுங்கள், மீதி வீடு திரும்பிய பிறகு. அங்கே யாராவது அன்பாக நீட்டும் கறிபஃபைத் தடுக்க ஒரு ஆள் வேண்டும். அதில் வெங்காயம் இருக்கும், நாய்க்கு வெங்காயமும் பூண்டும் நஞ்சு.

கடல் தாண்டி, அதாவது கடற்பாலம் தாண்டி, ஜொகூரிலோ கோலாலம்பூரிலோ நடக்கும் கூட்டத்துக்கு நாயோடு போகலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போவதற்கு மலேசியாவின் இறக்குமதி அனுமதியும் இங்கிருந்து உடல்நலச் சான்றிதழும் வேண்டும், அது எப்படியோ முடிந்துவிடும். வருவதுதான் பிரச்சினை. சிங்கப்பூர் 1953 முதல் வெறிநோய் இல்லாத நாடு, மலேசியா அப்படி இல்லை. ஆகவே திரும்பும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதைக் காட்டும் பரிசோதனை, உரிமம், தனிமைப்படுத்தல் என்று வரிசையாக நிற்கும், சிலவற்றை மாதக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும். ஒரு சனிக்கிழமைப் படத்துக்காக நாயைத் தனிமைக் கூடத்தில் விடுவது எனக்கு ஒப்பவில்லை. அங்கே போய்ப் பார்க்க ஆசை என்றால் நாயை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

கடைசியாக உண்ணி. புல்தரையில் இத்தனை நாய் கூடினால் உண்ணியும் கூடும், உண்ணி கடித்து நாய்க்கு வரும் காய்ச்சல் இங்கே சாதாரணம். முதுகில் சொட்டும் மருந்துக்கும் வாய்வழி மாத்திரைக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கூட்டத்துக்கு முன் மாத்திரைதான் வசதி. சொட்டு மருந்து போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, நாமோ படத்துக்காக முந்தின நாள்தான் ஷாம்பு போடுவோம். முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எதைக் கொடுத்தாலும் வீடு வந்ததும் காதின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வாலின் அடி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, மருந்துக்கடை ஆல்கஹால் ஊற்றிய குப்பிக்குள் போட்டு மூடுங்கள்.