கிட்டார் டேபில் காலத்தை எங்கே எழுதுவது?

கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித் தருகிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிறவர்களும் உண்டு. ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் ஒருவருக்கும் தெரியாது, எல்லாம் டேப்தான், அதாவது டேப்ளேச்சர். ஆறு கம்பிக்கு ஆறு கோடு, கோட்டின் மேல் ஃப்ரெட் எண், அதாவது கிட்டாரின் கழுத்தில் எத்தனையாவது கட்டம் என்பது. எங்கே அழுத்த வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும். எவ்வளவு நேரம் என்பதுதான் தகராறு. “மாஷே, இதை எத்தனை எண்ணணும்?” என்று கேட்டுக்கேட்டு, நான்கு வழிகளை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

இணையத்தில் கிடைக்கிற சிறுகோட்டு டேப் முதலாவது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பாருக்கு 16 இடம் என்று வைத்து, எண்களுக்கு நடுவே விடும் கோடுகளால் காலத்தைக் காட்டுவது. 10, 12 என்று இரட்டை இலக்கம் வந்தால் அந்த எண்ணே இரண்டு இடத்தைத் தின்றுவிடும். மற்ற ஐந்து வரிகளிலும் ஒரு கோடு கூட்டாவிட்டால் எல்லாம் விலகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறி, ஃபோன் திரையில் வரியும் மடிந்துவிடும். அப்படி வந்ததைப் பார்த்து ஒரு பையன் வாரம் முழுக்கத் தப்பாகப் பழகிக்கொண்டு வந்தான்.

மேலே ஸ்டாஃப், கீழே டேப் என்று அச்சுப் புத்தகங்களில் வருவது முழுமையானது, சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைகள் கீழ்ப்பாதியை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நம் ஸ்வரக் குறிப்பு வழி எனக்குப் பிடித்திருந்தது. காற்புள்ளிக்கு ஒரு அட்சரக் கார்வை, அரைப்புள்ளிக்கு இரண்டு. பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, எழுத்தின் மேலே கோடு போட வேண்டி வந்தபோதுதான் சிக்கல். ஏற்கெனவே ஆறு கோடு இருக்கிற இடத்தில் ஏழாவது கோட்டை யார் கண்டுபிடிப்பது?

இப்போது எழுதுவது, டேபுக்கு அடியில் தண்டு, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் நேர்கீழே ஒரு நெட்டுக்கோடு. ஒரு எண்ணிக்கைக்கு வெறும் தண்டு. அரைக்கு ஒரு வால், காலுக்கு இரண்டு. பக்கத்தில் புள்ளி வைத்தால் ஒன்றரை மடங்கு. முழு பாரையும் பிடிக்கும் ஸ்வரத்துக்குத் தண்டே கிடையாது. இரண்டு எண்ணிக்கைக்குத்தான் கொஞ்சம் இடிக்கும். ஸ்டாஃபில் தண்டின் நுனியில் இருக்கும் தலையை உள்ளே கருப்பாக்காமல் வெற்றாக விடலாம், டேபில் தலை இருக்கும் இடத்தில் எண் இருக்கிறதே. சிலர் எண்ணை வட்டமிடுகிறார்கள், சிலர் தண்டைக் குட்டையாக்குகிறார்கள். நான் வட்டம்.

எனக்கு இதை முடிவு செய்து கொடுத்தது திருத்தும் வேலை. காதால் கேட்டு எழுதுகிற டேபில் எண் அவ்வளவாகத் தப்பாது, காலம்தான் தப்பும். இரண்டாவது கம்பியில் 1, 3, அதாவது ஸ ரி, ஆளுக்கு ஒரு எண்ணிக்கை என்று எழுதியிருந்தேன். ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்த பிறகு வாசித்துப் பார்த்தால் ஸ ஒன்றரை, ரி அரை. தண்டு டேபில் 1-க்கு ஒரு புள்ளி, 3-க்கு ஒரு வால். பிள்ளைகளே பேனாவால் போட்டுக்கொண்டார்கள், எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சிறுகோட்டு டேப் என்றால் 3-ஐ அழித்துத் தள்ளி எழுத வேண்டும், ஸ்வரக் குறிப்பிலும் அப்படியே. ஸ்டாஃபும் டேபும் சேர்ந்திருந்தால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் மேலும் கீழும் சண்டை. மாதத்துக்கு நான்கு பாட்டு எழுதுகிற எனக்கு இது பெரிய விஷயம்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. வெனிஸில் பெட்ரூச்சி 1507-இல் அச்சிட்ட லூட் என்ற பழைய நரம்பு வாத்தியத்தின் டேபிலேயே கோடுகளுக்கு மேலே தண்டும் வாலும் உண்டு. ஒரு குறி போட்டால் அடுத்த குறி வரும்வரை அதே காலம். மை மிச்சமாகுமே என்று நானும் அப்படி எழுதினேன். பிள்ளைகள் நடுவில் குறியை மறந்துவிட்டார்கள், விட்டுவிட்டேன்.

அந்தக் குறி அடுத்து எப்போது மீட்ட வேண்டும் என்று சொல்லும், மீட்டிய கம்பி எதுவரை ஒலிக்க வேண்டும் என்று சொல்லாது. என் தண்டுக்கும் அதே குறைதான். கீழ்க்கம்பி நான்கு எண்ணிக்கை ஒலிக்க, மேலே மெட்டு ஓடுகிற ஃபிங்கர்ஸ்டைலில் (விரல்களால் மீட்டும் முறை) மெட்டின் தண்டு மேல்நோக்கியும் கீழ்க்கம்பியான பேஸின் தண்டு கீழ்நோக்கியும் போடலாம். மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் மெட்டையும் பேஸையும் இரண்டு வாய்ஸாகப் பிரித்தால் அப்படி வரும். நான் அந்த மாதிரி எழுதியது இரண்டே பாட்டுதான், கையால் எழுதினால் நெரிசல். அவற்றுக்கு மட்டும் ஸ்டாஃப் போட்ட பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.