கோத்தகிரியில் டர்ஃப் போட்டோம், காட்டுமாடு வந்து காட்டிக்கொடுத்தது

மலையில் வீடு இருக்கிறது, பின்பக்கம் பிள்ளைகள் விளையாட டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை, போடலாம் என்று யோசிப்பவர்கள் அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 3,78,000 ரூபாய்.

எங்கள் வீடு கோத்தகிரியில். பின்னால் தேயிலைச் சரிவை ஒட்டி 60க்கு 30 அடி இடம் சும்மா கிடந்தது. கீழே சமவெளியிலிருந்து டர்ஃப் போடும் பார்ட்டி ஒருவர் வந்து பார்த்தார், சதுர அடிக்கு 210 ரூபாய், வலையும் கம்பமும் தனி என்றார். கொட்டேஷனைப் படிக்கவே அவ்வளவு அழகு. ஒரு அடி தோண்டுவார்களாம், மண்ணும் கல்லும் கலக்காமல் இருக்கத் துணி விரிப்பார்களாம், பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, கிரஷர் டஸ்ட் (கல் தூள்) என்று ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்குவார்களாம், சுற்றிலும் வடிகால், அதற்கு மேல்தான் புல், சிலிகா மணல், ரப்பர் குருணை. ஆயுதபூஜை ஆஃபர் என்று அக்டோபரிலேயே வேலையை ஆரம்பித்தார்.

இதில் என் முட்டாள்தனமும் உண்டு. கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் எங்களுக்கு அக்டோபர், நவம்பர்தான் கொட்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த மாதத்தில் போய் மண்ணைக் கிளற விட்டிருக்கிறேன்.

அப்புறம் பொக்லைன். நீலகிரியில் அனுமதி வாங்காமல் அதை இறக்க முடியாது என்பது இங்கே டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்றவர், கடைசியில் நான்கு ஆட்களும் மண்வெட்டியுமாக வந்து நின்றார். ஒரு அடி நான்கு விரற்கடையாகச் சுருங்கியது. மேல்பக்கம் வெட்டின மண்ணையே கீழ்ப்பக்கம் ரொப்பிச் சமமாக்கினார்கள். ரோலர் இந்தப் பாதையில் ஏறாதாம், திமிசுக் கட்டையால் நாலு தட்டு.

பக்கத்து வீட்டு மேஸ்திரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, ரொப்புன மண்ணு ஒரு மழையாவது குடிச்சு உட்காரணும், இப்பவே மூடினா அமுங்கிடும்" என்றார். டர்ஃப்காரரிடம் கேட்டேன். "மேடம், நாங்க துபாய்லயே போட்டுக் குடுத்திருக்கோம்." துபாயில் எங்கே சரிவு, எங்கே மழை? இது அப்போது வாயில் வரவில்லை பாருங்கள்.

ஐந்தாம் நாள் பார்த்தால் பச்சைப்பசேல். பையன்கள் குதிக்கிறார்கள், நான் மீதிப் பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டேன். பில் பிறகு வரும் என்றார்.

பத்து நாளில் மழை பிடித்தது. கீழ்ப்பக்கம் தண்ணீர் குளமாக நின்றது. புல்லின் அடிப்பக்கம் ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் அதன் வழியே இறங்க வேண்டும், ஆனால் அடியில் களிமண்ணை வைத்தால் எங்கே இறங்கும்? ரப்பர் குருணை மொத்தமும் தேயிலைக்குள் ஓடியது. ஈரத்திலேயே பசை தடவியிருக்கிறார்கள் போல, ஜாயின்ட் இரண்டு இடத்தில் வாய் பிளந்தது. டிசம்பருக்குள் ஓரமெல்லாம் பாசி.

அப்போதும் அவர் "செட்டில் ஆகிடும் மேடம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலையில் காட்டுமாடு ஒன்று குறுக்கே நடந்து போயிருக்கிறது. இங்கே அது தினசரி விருந்தாளி. கீழ்ப்பாதியில் ஒவ்வொரு குளம்பும் கணுக்கால் வரை இறங்கி, வரிசையாக ஆறேழு பள்ளம். மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த மூலையைத் தூக்கிப் பார்த்தோம். துணி இல்லை, வடிகால் இல்லை. பெரிய ஜல்லி கண்ணுக்கே படவில்லை, செம்மண்மேல் கோலமாவு தூவினமாதிரி கொஞ்சம் டஸ்ட், அவ்வளவுதான். போட்டோ அனுப்பினால் பதில் என்ன தெரியுமா, "வனவிலங்கு டேமேஜ் வாரண்டியில் வராது." அவர் கொடுத்த 8 வருட வாரண்டியைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். வெயிலில் புல்லின் நிறம் மங்குவதற்கு மட்டும்தான் அது. போட்ட வேலைக்கு வாரண்டியே கிடையாது.

போடுகிறவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போடுங்கள், பசை வேலையைக் காலைப் பனி காய்ந்த பிறகு செய்யச் சொல்லுங்கள். புல் எத்தனை மில்லிமீட்டர் என்று பேசுவதைவிட, புல் விரிக்கும் முன் ஒரு மூலையில் கடப்பாரையால் குத்திப் பார்த்து, நான்கு குடம் தண்ணீரை ஊற்றி எங்கே போகிறது என்று நின்று பாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் போடும்போது அளவுநாடாவை வைத்துப் போட்டோ எடுங்கள். ரொப்பின பக்கம் தடுப்புச் சுவர் இல்லாமல், அதில் தண்ணீர் போகத் துளை இல்லாமல் எதையும் போடவே விடாதீர்கள். மீதிப் பணத்தில் நல்ல பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் போகட்டும்.

கேஸ் போட்டால் தன் ஊருக்குத்தான் வர வேண்டும் என்று அவர் மிரட்டினார். பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பில் தராவிட்டால் என்ன, ஜிபே, கொட்டேஷன், வாட்ஸ்அப் எல்லாம் இருக்கிறதே. நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், அடுத்து ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் மனு. நோட்டீஸ் போன பிறகு அவரிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது: நேரில் வந்து பார்க்க 6,000 ரூபாயாம்.

டர்ஃப் இப்போது சுருட்டி விறகுக் கொட்டகையில் கிடக்கிறது. ரொப்பின மண்ணுக்கு மேஸ்திரி சுவர் கட்டுகிறார், அடுத்த மழை முடிந்துதான் மற்றதெல்லாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பையன்கள் செம்மண்ணிலேயே விளையாடுகிறார்கள், துணி துவைத்து மாளவில்லை.