எலாம் இரண்டு வால்யூம்: தர்மபுரியில் ஒரு பைண்டிங் கடை

தர்மபுரி நான்கு ரோட்டுப் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டு இருக்கிறது இந்த ஜெராக்ஸ் கடை. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப் படிக்க முடியாமல் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் "பைண்டிங் அக்கா கடை" என்று கேட்டால் காட்டுவார்கள். ஆதார் நகல், பி.எட். ரெக்கார்டு, புராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லாக் கடையும் செய்கிற வேலைதான். நான் கொண்டுபோனது வேறு மாதிரி வேலை.

அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஹாலக் 1969-இல் வெளியிட்ட நூல்; பழைய பாரசீகத் தலைநகர் பெர்சபோலிஸின் கோட்டையில் கிடைத்த, எழுத்துப் பொறித்த களிமண் பலகைகளைப் பற்றியது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இலவச பிடிஎஃப் ஆகவே தருகிறது. எழுநூறு பக்கத்துக்கு மேல்; போனில் படித்து முடிப்பதற்குள் கண்ணாடி நம்பர் ஏறிவிடும். 1933-இல் ஈரானில் தோண்டியெடுத்த பலகைகளில் 2,087-ஐ மனிதர் படித்திருக்கிறார். எல்லாம் எலாமிய மொழி (ஈரானின் தென்மேற்கில் இருந்த எலாம் என்ற பழைய நாட்டின் மொழி), பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் காலம், கி.மு. 509 முதல் 493 வரை. போர், வெற்றி, வீரம் எதுவும் கிடையாது. எந்த ஊர்க் கிடங்கிலிருந்து யாருக்கு எத்தனை படி மாவு, எவ்வளவு ஒயின் என்று நம் ரேஷன் கடைப் பதிவேடு போலவே போகிறது. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆண் பிள்ளை என்றால் இரட்டிப்பு. அங்கேயுமா!

தமிழாசிரியருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கால்டுவெல்தான் காரணம். 1856-இல் வந்த ஒப்பிலக்கணத்திலேயே ஈரானில் டேரியஸ் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த பெகிஸ்தூன் பாறைக் கல்வெட்டின் இரண்டாவது மொழியை, அதாவது இந்த எலாமியத்தை, திராவிட மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அன்று அதைச் சித்தியன் என்றார்கள். பிறகு மீடியன், அமார்டியன், சூசியன் என்று ஆளுக்கொரு பெயர். 1901-இல் எலாமின் பழைய நகரமான சூசாவின் கல்வெட்டுகளை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் ஷேய்ல் 'அன்சானைட்' என்று எழுதினார். எலாம் அரசர்கள் தங்களை 'அன்சான், சூசா வேந்தன்' என்று சொல்லிக்கொண்டதால். இப்போது எலாமைட் என்பதே நிலைத்துவிட்டது. 1981-இல் மொழியியலாளர் டேவிட் மெக்ஆல்பின் எலாமியமும் திராவிடமும் ஒரு தாய் மக்கள் என்று நூலே எழுதினார். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி போன்ற திராவிட மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. எனக்கும் ஆதாரம் போதாது என்றுதான் படுகிறது. அதற்காக மூலத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

சரி, கடைக்கு வருவோம். அக்கா பிடிஎஃப்-ஐத் திறந்ததும் விலை சொல்லவில்லை. "உள்பக்கம் இடம் விட்டுப் போடட்டுமா சார்? தனித்தாளை ஓட்டை போட்டுத் தைக்கும்போது அரை இஞ்ச் உள்ளே போயிடும்" என்றார். வேறு இடங்களில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. தைத்து முடித்த பிறகு வரியின் முதல் எழுத்துகள் எல்லாம் முதுகுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். எலாமியச் சொல்லில் முதல் எழுத்துப் போனால் அப்புறம் அகராதியில் எதைத் தேடுவது? இரண்டு பக்கமும் அச்சடித்து, நடுவில் பிரித்து இரண்டு வால்யூமாகப் போடச் சொன்னதும் அவர்தான். ஒரே கட்டாகப் போட்டால் விரித்து வைக்க முடியாது, முதுகு பிளந்துவிடும் என்றார். நியாயம்.

கோளாறு என் குறிப்புகளில் வந்தது. ஆப்பெழுத்துகளை (களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த அந்தப் பழைய எழுத்துகளை) சேர்த்து நான் அடித்து வைத்திருந்த வேர்டு கோப்பு, கடைக் கணினியில் கட்டம் கட்டமாக வந்தது. இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறார்கள். அதில் அந்த எழுத்துரு இல்லை. உதவிக்கு இருக்கும் தம்பி கவனிக்காமல் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளிவிட்டான். அக்கா பார்த்து, "போன்லயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க சார்" என்று மறுபடி அடித்தார். வீணான தாளுக்குக் காசு வாங்கவில்லை. கணினியை மாற்றினால் நல்லது என்று சொன்னேன், சிரித்தார்.

முதுகில் தங்க எழுத்தில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டார். பழைய ஆசைக்கு 'அன்சானைட்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். "கிரானைட் மாதிரி இருக்கே, குவாரி விஷயமா சார்?" என்றார். நம் மாவட்டத்தில் வேறு எப்படிக் கேட்பார்கள்! தமிழ் அச்சு அவரிடம் இல்லை. ஆங்கில அச்சிலும் 'என்' ஒன்றுதான் உருப்படி, அதனால் இரண்டாவது 'என்' மங்கலாக விழுந்திருக்கிறது. மற்றபடி காலிகோத் துணி முதுகு, கெட்டி அட்டை, தையல் எல்லாம் பிடியாக இருக்கிறது. மேசையில் விரித்தால் தானாகவே மூடிக்கொள்வதில்லை.

சொன்ன தேதிக்குக் கிடைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பி.எட். மாணவர்கள் ரெக்கார்டு கொண்டுவரும் சமயம், எனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் வாங்கிப் போனார்கள். பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறுவதற்கு முன் போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. விலை குறைவு என்று சொல்ல மாட்டேன். ஸ்பைரல் போடுகிற கடைகளைவிடக் கூடுதல்தான். பருமனான புத்தகம், பல வருஷம் புரட்டப் போகிற புத்தகம் என்றால் இங்கே கொடுங்கள். பத்துப் பக்க ஜெராக்ஸுக்கு எதிர்க்கடையே போதும், அங்கே வரிசையும் இல்லை.