எலிக்கருவைப் படமெடுக்க: மைக்ரோ சிடியா, ஹெச்ஆர்இஎம்மா?

போன வருஷம் தரமணிப் பக்கம் இருக்கும் எங்கள் லேபில் இந்தக் கேள்வி வந்தது. மைக்ரோ சிடி என்பது எக்ஸ்ரேயால் பல கோணத்தில் எடுத்து முப்பரிமாணப் படமாக்கும் ஸ்கேன்; ஹெச்ஆர்இஎம் கருவைச் சீவிச் சீவிப் படமெடுக்கும் முறை. சுண்டெலிக் கருவின் இதயத்தில், இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் முழுசாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுண்டெலியின் கர்ப்பகாலம் 19, 20 நாள். அந்தச் சுவர் 14ஆம் நாளை ஒட்டி மூடிவிடும். அதனால் எங்களுக்கு வேண்டியவை 14.5, 15.5 நாள் கருக்கள்.

மற்ற முறைகளை அதிக நேரம் யோசிக்கவில்லை. கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் இவ்வளவு பெரிய கருவின் உள்ளே எட்டாது. 2002இல் வெளிவந்த ஓபிடி (எக்ஸ்ரேக்குப் பதில் ஒளியால் எடுக்கும் சிடி மாதிரி) 9.5 நாள் மாதிரிச் சின்னக் கருக்களுக்கு அருமை. மெல்லிய ஒளித்தகட்டால் படமெடுக்கும் லைட் ஷீட் மைக்ரோஸ்கோப் உயிருள்ள கருவைப் பார்க்க நன்றாக உதவும்; 2018இல் அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வு மையத்தில் 6.5 நாளிலிருந்து 8.5 நாள் வரை கரு வளர்வதை அப்படித்தான் படமாக்கினார்கள். எங்களுக்கு வேண்டிய வயது அதையெல்லாம் தாண்டியது.

மிச்சம் இரண்டுதான். ஹெச்ஆர்இஎம்மில் கருவை இயோசின் சேர்த்த பிசினில் புதைத்துக் கட்டையாக இறுகவிட்டு, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் இரண்டு, மூன்று மைக்ரான் அளவில் சீவ வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் அப்புறம் கட்டையின் மேற்பரப்பைப் படமெடுப்பார்கள். கட்டை ஒரே இடத்தில் நிற்பதால் படங்கள் தாமாகவே பொருந்திவிடும். தெளிவில் மைக்ரோ சிடி இதன் கிட்டே வராது; வால்வின் மெல்லிய இதழ்கூடத் தெரியும். என் கை பட்டது இரண்டே கட்டைகளில்தான். காற்றுப்பட்டால் அந்தப் பிசின் சரியாக இறுகாது. ஒன்று மேலே பிசுபிசுவென்றே நின்றுவிட்டது. பழகிய கைக்கு இது தொல்லையாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நான் மைக்ரோ சிடி பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: படம் எடுத்த பிறகும் கரு கையில் இருக்கும். தாய், தகப்பன் இரண்டுக்கும் மாறிய மரபணு ஒரு பிரதி இருந்தால், நான்கில் ஒரு குட்டிக்குத்தான் நாங்கள் தேடும் இரண்டு பிரதியும் வரும். எட்டுக் கரு கிடைத்தால் சராசரியாக இரண்டு. சில ஈற்றில் ஒன்றுகூட இருக்காது. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த எலிகளின் எண்ணிக்கையோ கணக்கானது. அப்படிக் கிடைத்த கருவை ஒரே தடவையில் சீவித் தீர்த்துவிட எனக்கு மனசு வரவில்லை.

மென்திசு எக்ஸ்ரேயில் தெளிவாகப் பிரிந்து தெரியாது என்பதால் கருவை லூகால் அயோடின் கரைசலில் ஊறவைக்கிறோம். வெளியே எடுக்கும்போது காபி டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். அகரோஸ் ஜெல்லில் அசையாமல் நிறுத்தி ஸ்கேன் செய்து, பிறகு சோடியம் தயோசல்ஃபேட்டில் போட்டால் பழுப்பு இறங்கிப் பழைய வெளிறிய நிறத்துக்கே வந்துவிடும். அப்புறம் வழக்கம்போல் மெழுகில் பதித்து வெட்டலாம். ஒரு கருவின் ஸ்கேனில், பெருந்தமனிக்குக் கொஞ்சம் கீழே, ஓட்டையா நிழலா என்று சொல்ல முடியாத கறுப்புக் கோடு தெரிந்தது. அதே கருவை அந்த இடத்தில் வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். ஓட்டைதான். ஹெச்ஆர்இஎம்மில் சந்தேகம் வந்திருந்தால், திரும்பிப் போய்ப் பார்க்க அந்தத் திசுவே இருந்திருக்காது.

குறை இல்லாமல் இல்லை. அயோடின் திசுவைச் சுருக்கும். கரைசல் அடர்த்தி ஏறினால் சுருக்கமும் ஏறும். ஊறவைப்பதற்கு முன் ஹைட்ரோஜெல்லில் பதித்துக்கொண்டால் வெகுவாகக் குறையும். அகரோஸில் குமிழி இருந்தால் கரு மெல்ல நகர்ந்து படம் கலங்கும். என் முதல் ஸ்கேன் அப்படித்தான் போனது. இப்போது அகரோஸை முதல் நாளே ஊற்றி, ஸ்கேனர் அறையிலேயே இரவு முழுக்க வைத்துவிடுகிறேன். ஸ்கேன் முடிந்த கருவில், குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் ஆன்டிபாடி சாயம் ஏற்றுவதை இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன். ஒரு தடவை நன்றாக வந்தது, அதை வைத்து உறுதி சொல்ல மாட்டேன்.

வால்வு இதழோ மெல்லிய நரம்போதான் உங்கள் கேள்வி, கருவுக்கும் பஞ்சமில்லை என்றால், ஹெச்ஆர்இஎம்முக்கே போங்கள். மைக்ரோ சிடி என்று முடிவெடுத்தால், அதே ஈற்றின் இயல்பான கரு ஒன்றையும் அதே கரைசலில், அதே மணிக்கணக்கில் ஊறவையுங்கள். சுருங்கினால் இரண்டும் சேர்ந்து சுருங்கட்டும்.