“அச்சு அசல் ஆர்கேட்” என்று விற்கிற கேம் தொகுப்பு: வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்

காசு போட்டு விளையாடும் எந்திரங்களில் இருந்த பழைய ஆர்கேட் கேம்களை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் விளையாடலாம், எந்திரத்தில் இருந்தது அப்படியே இருக்கும் என்று சொல்லி ஒரு தொகுப்பை விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினேன். உள்ளே இருப்பது அசலைப் பார்த்து யாரோ அவசர அவசரமாகப் புதிதாக எழுதிய நகல். தொகுப்பின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை, சொல்லியும் பயன் இல்லை. இதே சரக்கு வேறு அட்டை, வேறு பெயர், வேறு கணக்கு என்று மாறி மாறி விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கிறது. எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று தெரிந்தால் போதும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

என்னை வாங்க வைத்தது விளம்பர வீடியோ. அதில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வருகிறது. வரிசை வரிசையாக இறங்கி வரும் எதிரிகளைக் கீழிருந்து சுடும் ஆட்டம். 1978-ல் டைட்டோ வெளியிட்ட கேம், உருவாக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ. அந்தக் காலத்து எந்திரங்களில் பெரும்பாலும் இருந்தது கறுப்பு வெள்ளைத் திரைதான். அதன் மேல் வண்ணத் தாளை ஒட்டி, கீழே பச்சை, மேலே சிவப்பு என்று காட்டினார்கள். அதனால் நிறம் உருவத்துக்குச் சொந்தமில்லை, இடத்துக்குச் சொந்தம். நீங்கள் சுடும் குண்டு பச்சையாகக் கிளம்பும், நடுத் திரையில் வெள்ளையாகும், உச்சியில் பறக்கும் தட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாகும். விளம்பர வீடியோவில் இது அத்தனை துல்லியமாக இருந்தது. பரவாயில்லையே, விவரம் தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து வாங்கினேன்.

வாங்கிய கேமில் குண்டு கீழிருந்து மேல்வரை வெள்ளை. எதிரிகள் வரிசைக்கு ஒரு நிறம், கீழே இறங்கி வந்தாலும் அதே நிறம். வீடியோவையும் கேமையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். வீடியோவை அசல் எந்திரத்திலிருந்தோ, அந்த எந்திரத்தைப் போலவே நடந்து அசல் நிரலைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் சரியான எமுலேட்டரிலிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், விற்பது வேறு. என் பார்வையில் இது தரக் குறைவு என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுப்பது சுத்தமான ஏமாற்று.

நிறம் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸின் உயிரே அதன் வேகம் ஏறும் விதம். 55 எதிரிகள், 11 வீதம் 5 வரிசை. திரைப் படம் விநாடிக்கு ஏறக்குறைய 60 தடவை மாறும், அதில் ஒரு படம்தான் ஒரு ஃபிரேம். அசல் எந்திரம் ஒரு ஃபிரேமில் ஒரே ஒரு எதிரியைத்தான் நகர்த்தும். 55 பேரும் இருக்கும்போது முழுக் கூட்டமும் ஒரு அடி நகர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். ஆட்கள் குறையக் குறைய முறை சீக்கிரம் வருவதால் வேகம் தானாக ஏறும். கடைசியில் மிஞ்சும் ஒருவன் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்ந்து வெறி பிடித்த மாதிரி ஓடுவான். கூர்ந்து பார்த்தால் கூட்டம் அலை அலையாக நகர்வது தெரியும். இவர்கள் கொடுத்ததில் 55 பேரும் ஒரே சமயத்தில், ஒரே சட்டத்தில் ஆணி அடித்த மாதிரி நகர்கிறார்கள். ஒரு வரிசை காலியானால் வேகம் ஒரு படி ஏறுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொருவனாகச் சுடும்போது வயிற்றைக் கலக்குமே, அது இல்லை.

பறக்கும் தட்டையும் சோதித்தேன். அசலில் அதன் மதிப்பெண் நீங்கள் எத்தனை குண்டு சுட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 23-வது குண்டில் அடித்தால் 300, அப்புறம் ஒவ்வொரு 15-வது குண்டிலும் 300. பழைய ஆட்டக்காரர்கள் எண்ணி எண்ணிச் சுட்டது இதற்காகத்தான். இந்த நகலில் எண்ணிச் சுட்டாலும் 50 வருகிறது, 100 வருகிறது, வாய்க்கு வந்தபடி.

அடுத்து பேக்-மேன். ஏமாற்று முழுசாக வெளுத்தது இதில்தான். பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் ஆட்டம் இது. 1980-ல் நாம்கோ வெளியிட்ட இந்த கேமில் பேய்கள் கண்டபடி அலைவதாகத் தோன்றும், ஆனால் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. முதல் நிலையில் 7 விநாடி தத்தம் மூலைக்குப் போகும், 20 விநாடி துரத்தும், மறுபடி 7, 20, அப்புறம் 5, 20, 5, அதன்பின் துரத்தல் மட்டும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பேய்கள் சட்டென்று திரும்பும். பேக்-மேன் பெரிய புள்ளியைத் தின்றதும் அவை நீலமாகி ஓடும்போது மட்டும் திசையைக் குலுக்கிப் போட்டு எடுக்கும். அந்தக் குலுக்கலும் ஒவ்வொரு நிலையின் தொடக்கத்திலும், ஒவ்வொரு உயிர் போன பிறகும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கும். எனவே நீங்கள் ஒரே பாதையில், ஒரே நேரக் கணக்கில் போனால் பேய்களும் ஒவ்வொரு முறையும் அதே வழியில் வரும். பேட்டர்ன் என்று ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது இதைத்தான்.

எனக்குக் கைப்பழக்கமான முதல் நிலைப் பேட்டர்னைப் போட்டேன். முதல் திருப்பத்திலேயே கணக்குப் பிசகியது. சரி, கை தவறியிருக்கும் என்று திரையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அசலில் பேக்-மேன் மூலையில் திரும்பும்போது கொஞ்சம் முன்னாலேயே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் குறுக்கே வெட்டிப் போவான். பேய்களுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைப்பது அப்படித்தான். இந்த நகலில் குறுக்கு வெட்டே இல்லை. கட்டத்தின் நடுவுக்கு வந்து நின்று, பிறகு திரும்புகிறான். அசலில் ஒவ்வொரு புள்ளியைத் தின்னும்போதும் அவன் ஒரு ஃபிரேம் நிற்பான். தின்றுகொண்டே போனால் பேய் நெருங்கும், காலி வழியில் ஓடினால் விலகும். இங்கே தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒரே வேகம். பக்கவாட்டுச் சுரங்க வழியில் பேய்களின் வேகம் பாதியாகக் குறையும் என்பதை நம்பித்தான் நெருக்கடியில் எல்லோரும் அங்கே ஓடுவார்கள். இதில் பேய் முழு வேகத்தில் சுரங்கத்துக்குள் வந்து பிடிக்கிறது. படம், வண்ணம், எழுத்து எல்லாம் ஒரிஜினல் மாதிரியே இருக்கும்போது இதையெல்லாம் விளையாடாமல் கண்டுபிடிக்க வழியே இல்லை. 256-வது நிலையில் அசலில் திரையின் வலப்பாதி குப்பை எழுத்துகளாகச் சிதறும். நகலில் என்ன ஆகும் என்று பார்க்க அவ்வளவு தூரம் போகும் திறமை எனக்குக் கிடையாது, அதை விட்டுவிடுவோம்.

ஆஸ்டராய்ட்ஸைப் பற்றி ஒன்றே ஒன்று. விண்கற்களைச் சுடும் ஆட்டம் இது. 1979-ல் அட்டாரி வெளியிட்ட அசலில் உங்கள் குண்டுகள் ஒரே நேரத்தில் திரையில் 4 மட்டும்தான் இருக்க முடியும். நாலும் பறந்துகொண்டிருந்தால் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அடுத்தது வராது. தவறவிட்ட குண்டுக்கு விலை உண்டு என்பதே அந்த ஆட்டத்தின் அடிப்படை. இந்த நகலில் பட்டனை அழுத்திப் பிடித்தால் குண்டுகள் மழையாகக் கொட்டுகின்றன. அப்புறம் எதற்கு விளையாடுவது?

நகல் என்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1982-ல் அட்டாரி 2600 என்ற வீட்டு கேம் எந்திரத்துக்கு வந்த பேக்-மேனில் பேய்கள் மின்னி மின்னி மறையும். 128 பைட் நினைவகம் மட்டுமே கொண்ட சின்ன எந்திரம் அது. 1993-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆர்கேட் தொகுப்பில் இருந்த ஆஸ்டராய்ட்ஸ், டெம்பெஸ்ட், பேட்டில்ஸோன் எல்லாம் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவைதான். அந்தக் காலத்தில் இதுதான் வழி என்று வாங்கியவர்களுக்கும் தெரியும். ஆனால் 1990-களின் நடுவிலேயே டிஃபெண்டர், ஜவுஸ்ட், ரோபோட்ரான் போன்றவற்றின் அசல் நிரலை அப்படியே கம்ப்யூட்டரில் ஓட வைத்தது டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற கம்பெனி. 1997-ல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம் எமுலேட்டர் அதற்கப்புறம் எத்தனையோ எந்திரங்களை உயிர்ப்பித்துவிட்டது. பேக்-மேன் எந்திரத்தின் மூளையான இசட்80 சில்லு ஓடியது 3.072 மெகாஹெர்ட்ஸில். இன்றைக்குக் கையில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது தூசு. அசல் நிரலை ஓட வைக்க உரிமம் வாங்க வேண்டும், நகல் எழுதினால் அந்தச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

நல்ல தொகுப்பிலும் சில விஷயங்கள் அசல் மாதிரி வராது, அவற்றுக்காக யாரையும் திட்ட மாட்டேன். ஆஸ்டராய்ட்ஸ், டெம்பெஸ்ட் எல்லாம் வெக்டர் திரையில் ஓடியவை. எலக்ட்ரான் கற்றையே கோடு கோடாக வரையும், குண்டு ஒரு பொறியாகக் கண்ணைக் குத்தும். இன்றைய பிக்சல் திரையில் அந்தப் பளிச்சு முழுசாகக் கிடைக்காது. மிசைல் கமாண்டுக்கு உருட்டும் பந்தான டிராக்பால், டெம்பெஸ்டுக்குச் சுழற்றும் குமிழ், ரோபோட்ரானுக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். கீபோர்டில் விளையாடினால் கஷ்டம்தான். ஆர்-டைப் என்ற கேமின் எந்திரம் விநாடிக்கு 55 ஃபிரேம் ஓடியது, 60-ல் ஓடும் மானிட்டரில் சின்னத் திக்கல் தெரியும். இதெல்லாம் நேர்மையான குறைகள். எந்த ஆட்டத்தின் விதியும் இவற்றால் மாறுவதில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். முதல் பதில்: உங்கள் மானிட்டர் செட்டிங்ஸைச் சரிபாருங்கள். பேய்களின் நடவடிக்கைக்கும் மானிட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அடுத்த பதில்: பல வருடங்களுக்கு முன் விளையாடியதால் உங்களுக்கு ஞாபகம் பிசகியிருக்கலாம். திரைப் பதிவையும் அவர்களுடைய விளம்பர வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அப்புறம் பேச்சே மாறிவிட்டது. இவை “இன்றைய ஆட்டக்காரர்களுக்காக மேம்படுத்தப்பட்ட” கேம்களாம். அச்சு அசல் என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களே என்றதற்கு இன்றுவரை பதில் இல்லை. ரீஃபண்ட் கேட்டால், விளையாடிய நேரம் வரம்பைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். நகல் என்று நிரூபிக்க நேரம் செலவழித்ததே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நடுவில் ஒரு அப்டேட் விட்டார்கள். பழைய டிவி மாதிரி கோடு கோடாகக் காட்டும் ஒரு ஃபில்டர் கூடியிருந்தது. பேய்கள் அப்படியேதான் இருந்தன.

வாங்கும் முன்பே ஒன்றைக் கவனித்துவிடலாம். கேம் பட்டியலைப் பாருங்கள். பேக்-மேன் பண்டாய் நாம்கோவுடையது, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் டைட்டோவுடையது, ஆஸ்டராய்ட்ஸ் அட்டாரியுடையது. இவை மூன்றும் ஒரே தொகுப்பில், ஒரே விலையில் இருந்தால் உரிமம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கூடவே டாங்கி காங்கும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நின்டெண்டோ அதைத் தன் சொந்தக் கருவிகளில்தான் இன்று விற்கிறது. நான் வாங்கிய தொகுப்பில் நாலும் இருந்தன. விவரப் பக்கத்தில் எந்தக் கம்பெனியின் உரிமம் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

வாங்கிவிட்டீர்கள் என்றால் ரீஃபண்ட் நேரம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள், ரசித்து விளையாடுவது அப்புறம். ஆஸ்டராய்ட்ஸ் இருந்தால் பட்டனை விடாமல் அழுத்தி 4 குண்டுக்கு மேல் வருகிறதா பாருங்கள், இதுதான் எல்லாவற்றிலும் சீக்கிரமான சோதனை. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கூட்டம் அலையாக நகர்கிறதா, ஒட்டுமொத்தமாக நகர்கிறதா பாருங்கள். பேக்-மேனில் சுரங்கத்தில் பேய் வேகம் குறைகிறதா பாருங்கள். செட்டிங்ஸில் உயிர்களின் எண்ணிக்கை, எத்தனை மதிப்பெண்ணுக்கு கூடுதல் உயிர் என்பதெல்லாம் எந்திரத்தின் உள் ஸ்விட்சுகளில் இருந்த அதே மதிப்புகளாக இருந்தால் நல்ல அறிகுறி. பேக்-மேன் தொடங்கும்போது திரையில் குப்பை எழுத்துகள் ஓடி, கட்டம் கட்டமாக ஒரு சோதனைப் படம் வந்து போனால் உள்ளே அசல் நிரல் ஓடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நல்ல தொகுப்புகளே சில அதைக் காட்டாமல் தாண்டிவிடும் என்பதால், வரவில்லை என்றால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாவற்றையும் திரைப் பதிவு செய்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தையும் விளம்பர வீடியோவையும்கூடச் சேமித்து வையுங்கள், புகார் போன பிறகு அவை மாறிவிடும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக அவர்கள் எனக்குக் கொடுத்தது பணம் இல்லை, ஒரு தள்ளுபடிக் கூப்பன். அதே விற்பனையாளரின் இன்னொரு தொகுப்பை வாங்கினால் மட்டும் செல்லுமாம். அதைத் தொடவில்லை. பணம் கட்டிய வழியில் புகார் பதிந்து, இரண்டு வீடியோக்களையும் இணைத்திருக்கிறேன். முடிவு வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.