240 டயர் ஆசையில் எட்டு மாதச் சம்பளம் போச்சு: கஸ்டம் பைக் கட்டக் கொடுக்கும் முன் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அகல டயர் போட்ட கஸ்டம் பைக் மேல் ஆசை இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். என் எட்டு மாதச் சம்பளம் போய்விட்டது. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், மூன்று மாதமாக "நமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை" என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. பழைய வண்டியைப் பிரித்து, பின்பக்கத்தை மாற்றி, அகல டயர் ஏற்றித் தருகிற பட்டறை. வேலை முடிந்த வண்டிகளைப் பளபளவென்று படம் எடுத்துப் போடுவார்கள். அந்தப் படங்களை ஒன்றரை வருடம் பார்த்துப் பார்த்துக் காசு சேர்த்தவன் நான்.

முதல் நாள் போனபோது அங்கே ஒரு வண்டி தயாராக நின்றது. பின்னால் 240/40-18 டயர், அதாவது 240 மில்லிமீட்டர் அகலம். பட்டறைக்காரர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என் கையைப் பிடித்து அந்த ரிம்மின் விளிம்பில் வைத்தார். "தொட்டுப் பாருங்கண்ணே. 8.5 அங்குலம். இந்த டயருக்கு இந்த ரிம்தான் போடணும், குறைச்சா டயர் உருண்டை ஆயிடும். உங்களுக்கும் இதேதான், புதுசு." அவர் சொன்ன அளவு சரியான அளவு. நானும் முன்பே படித்துவைத்திருந்தேன். சரியான எண்ணைச் சொல்கிறாரே, விஷயம் தெரிந்தவர்தான் என்று அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை முழுசாகச் சாய்த்தது: "இந்த மாதிரி வண்டி சும்மா ஏறி ஓட்டிட முடியாதுண்ணே. பழகணும். நீங்க பழகுற வரைக்கும் ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை நானே கூட வரேன்." அண்ணே என்று கூப்பிட்டு, விழாமல் ஓட்டவும் கற்றுத் தருகிறேன் என்கிற ஆளைச் சந்தேகப்பட மனசு வருமா? பாதிப் பணம் கொடுக்கலாம் என்று போனவன் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீதில் "பின்பக்க மாற்று வேலை" என்று ஒரே வரி. ரிம் அளவு இல்லை, டயர் பெயர் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை.

வண்டி கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், இருபது நிமிடம் நின்றார். "வளைவுல ஹேண்டிலை விடாம அழுத்திட்டே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அதற்குப் பிறகு வரவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அகல டயர் ஓட்டுவது கஷ்டம் என்று அவர் சொன்னதில் பொய் கிடையாது. சாதாரண வண்டியைச் சாய்த்தால் டயர் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து கொஞ்சம்தான் நகரும். 240 டயரில் அந்த இடம் சாய்கிற பக்கமாக வெகுதூரம் நகர்ந்துவிடும். அதனால் தரை வண்டியைத் திரும்ப நிமிர்த்தப் பார்க்கும். நாம் இடது பக்கம் போக இடது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும், தள்ளியதை வளைவு முடிகிறவரை விடவும் கூடாது. மெல்லிய டயரில் போவதைவிட அதே வளைவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டும். ரோட்டில் நீளவாக்கில் பள்ளமோ மேடோ இருந்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் அதில் ஏறி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். மெதுவாக யூ-டர்ன் அடிக்கும்போது கிளட்சைப் பாதிப் பிடியில் வைத்து, பின் பிரேக்கை லேசாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். இதையெல்லாம் காலி மைதானத்தில் விடியற்காலையில் போய்ப் போய்ப் பழகினேன். தோள்பட்டை வீங்கியது.

ஆனால் வண்டி அடங்கவில்லை. வலது பக்கம் திருப்ப மல்லுக்கட்ட வேண்டும். இடது பக்கம் திருப்பினால் தானாகவே பொத்தென்று விழப் பார்க்கும். ஒரு நாள் மெதுவான இடது திருப்பத்தில் விழுந்தே விட்டேன். மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கட்டு.

போன் செய்தேன். "பழகலண்ணே நீங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், டயர் செட் ஆயிடும்." மறுபடி போன். "காத்தைக் குறைச்சுப் பாருங்க." காற்றைக் குறைத்தால் ஹேண்டில் இன்னும் கனக்கும், டயர் சூடாகும். இந்த வேலையில் இருப்பவருக்கு இது தெரியாமலா சொன்னார்? மூன்றாவது முறை, "அகலமான ஹேண்டில்பார் போட்டுக்கலாம், பிடி கிடைக்கும்" என்றார். அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். நான் சொல்கிற எட்டு மாதச் சம்பளத்தில் அதுவும் அடக்கம்.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. அவளுக்கு பைக் ஓட்டவே தெரியாது. மைதான ஓரம் நின்று பார்த்தவள் கேட்டாள்: "டயர் அகலம்னா ரெண்டு பக்கமும்தானே கஷ்டமா இருக்கணும்? உங்களுக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும்?" எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை காலை அந்த மைதானத்தைச் சுற்றியவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை.

நேற்று ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வீல் வேலையிலேயே தலை நரைத்தவர். எந்த மெஷினும் எடுக்கவில்லை. ஒரு நூல்கண்டு எடுத்தார். பின் டயரைச் சுற்றி நூலைக் கட்டி, இரண்டு முனையையும் டயரின் இரு ஓரத்தையும் ஒட்டினாற்போல் முன் டயரைத் தாண்டி இழுத்து, இரண்டு கல்லில் சுற்றி நிறுத்தினார். ஹேண்டிலை நேராகப் பிடிக்கச் சொன்னார். ஸ்கேலால் இடைவெளியை அளந்தார். பின்னால் 240, முன்னால் 120. அப்படியென்றால் முன் டயருக்கு இரண்டு பக்கமும் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடது பக்கம் 42. வலது பக்கம் 78.

"தம்பி, பின் சக்கரம் பதினெட்டு மில்லி வலது பக்கம் தள்ளி இருக்கு. இடது பக்கம் ஓடுற செயின் உரசக்கூடாதுன்னு இந்தப் பக்கம் ஒதுக்கிட்டான். வண்டியோட பாரம் ஒரு கோட்டுல, சக்கரம் வேற கோட்டுல. இடது பக்கம் விழாம என்ன செய்யும்?"

அதோடு போகவில்லை. ரிம்மின் உள்பக்கம் நகத்தால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கத்தி முனையால் கறுப்பு பெயிண்டைச் சுரண்டினார். அடியில் சுற்றிலும் வெல்டிங் தழும்பு. புது ரிம் இல்லை. என்னுடைய பழைய இரும்பு ரிம்மையே அறுத்து, வலது பக்கம் மட்டும் பட்டை சேர்த்து ஒட்டி அகலமாக்கி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டயரைக் கழற்றினால் அந்த ஒட்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், விரல் நீளம். ஐயா என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் என் பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன் அந்த வண்டியில்.

டயரும் புதுசு இல்லை. பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு எண்ணைப் பார்த்தால் தெரியும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயரில் 1214. 2014-ஆம் வருடம் 12-ஆவது வாரம் செய்தது.

அகல டயர் என்றாலே இப்படித்தான் என்று யாரும் நினைக்காதீர்கள். டுகாட்டி டியாவெல், ஹார்லி பிரேக்அவுட் இரண்டும் கம்பெனியிலிருந்தே 240 டயரோடு வந்த வண்டிகள். ஃப்ரேம், ரிம், செயின் அல்லது பெல்ட் போகும் வழி எல்லாமே அந்த அகலத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை, சக்கரம் நடுக்கோட்டில் நிற்கும். கனமாகத் திரும்பும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. நல்ல கஸ்டம் ஆட்களும் அகலம் கூடினால் செயினை வெளியே தள்ளத் தனி ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போடுவார்கள், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை மாற்றுவார்கள், செயினை வலது பக்கத்துக்கே கொண்டுபோகிற கியர்பாக்ஸ்கூட உண்டு. இங்கே அந்தச் செலவை மிச்சம் பிடித்து, பாரத்தை என் மணிக்கட்டில் ஏற்றிவிட்டார்கள்.

நேற்று ராத்திரியே பட்டறைக்காரருக்குப் படங்கள் அனுப்பினேன். "வெல்டிங் எல்லாரும் பண்றதுதான்." அடுத்து, "கஸ்டம் வேலைக்கு வாரண்டி கிடையாது." அடுத்து, "வேற மெக்கானிக் கை வெச்சுட்டார், இனி நான் பொறுப்பு இல்ல." எட்டு மாதச் சம்பளம் தம்பி, பாதியாவது கொடு என்று கெஞ்சினேன். கடைசியாக வந்தது: "பிடிக்கலன்னா யாருக்காவது வித்துடுங்கண்ணே." அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

எப்படிப் பழகுவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது முடியவில்லை, வண்டி கட்டக் கொடுக்கப் போகிறவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள். ரிம் அளவு, டயர் அளவு, டயர் செய்த வாரம் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் ரிம்மைக் கண்ணால் பாருங்கள். வண்டி எடுக்கிற அன்றே அவர்கள் முன்னாலேயே நூல் பிடித்து அளந்து பாருங்கள், பத்து நிமிட வேலை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அது உங்கள் குறை இல்லை, உடனே வண்டியை நிறுத்துங்கள்.

அந்த ரிம் இப்போது என் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கிறது. விற்க மாட்டேன். இன்று சாயங்காலம் அந்த ஐயாவிடம் கொண்டுபோய், வேறு யார் வண்டியிலும் ஏறாதபடி இரண்டாக அறுத்துத் தரச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் விரிசலை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துவிட்டேன்.