கிளவுட் கால்குலேட்டர்: மதிப்பீடு எல்லோருக்கும், பில் ரூட்டுக்கு மட்டும்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து வந்த கேள்வி: "சர்வருக்கு மாசம் எவ்ளோ ஆகும்னு நாங்களே பாத்துக்க முடியுமா, இல்ல ஓசூர்ல இருக்கற ஐடி ஆளைத்தான் கேக்கணுமா சார்?" பாதி முடியும். எரிச்சலெல்லாம் மீதிப் பாதியில்.

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ், மைக்ரோசாஃப்டின் அஷூர், கூகுள் கிளவுட் மூன்றின் விலைக் கால்குலேட்டரையும் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். லாகின் வேண்டாம், கார்டு வேண்டாம். அஷூரில் மதிப்பீட்டைச் சேமித்து வைக்க மட்டும் லாகின் கேட்கும். அஷூரிலும் கூகுளிலும் ரூபாயிலேயே பார்க்கலாம், ஏ.டபிள்யூ.எஸ்ஸில் மும்பை ரீஜனுக்கும் (சர்வர்கள் இருக்கும் இடம்தான் ரீஜன்) டாலர்தான்.

ஏ.டபிள்யூ.எஸ்ஸின் 'ஷேர்' லிங்க் அருமையான வசதி. ஆனால் லிங்க் கிடைத்த எவரும் திறந்து பார்க்கலாம், அதனால் மதிப்பீட்டுக்கு ஆலையின் பெயரை வைக்காதீர்கள். திருத்திவிட்டு மறுபடி ஷேர் செய்தால் புது லிங்க் வரும். வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கும் பழைய லிங்க் பழைய தொகையைத்தான் காட்டும். பாதிச் சண்டை இதில்தான்.

மாங்கூழ் ஆலைக்கு இன்னொரு சிக்கல். கால்குலேட்டர் மாதத்தை 730 மணி நேரமாக எடுத்துக்கொண்டு, ஆண்டுத் தொகைக்கு அதை அப்படியே 12-ஆல் பெருக்கிவிடும். பெங்களூரா மாங்காய் வந்து இறங்கும் மூன்று மாதம் வேறு, மிச்ச ஒன்பது மாதம் வேறு என்பது அதற்குத் தெரியாது. 'சீசன்', 'மற்ற மாதம்' என்று இரண்டு குரூப் போட்டு, முதலாவதை 3-ஆலும் அடுத்ததை 9-ஆலும் நீங்களே பெருக்குங்கள். கீழே வரும் 12 மாதத் தொகையைக் கண்டுகொள்ள வேண்டாம். சேவை ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் ரீஜன் மும்பையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏ.டபிள்யூ.எஸ் மதிப்பீட்டில் விட்டுப்போகிறவை எப்போதும் இவைதான். பப்ளிக் ஐபி (இணையத்தில் சர்வரின் ஐபிவி4 முகவரி): 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 0.005 டாலர், மாதம் 3.65 டாலர். இது சர்வருக்கான இசி2 படிவத்தில் வராது, நெட்வொர்க்குக்கான விபிசி சேவையைத் தனியாகச் சேர்த்தால்தான் வரும். வெளியே போகும் டேட்டா: மாதம் 100 ஜிபி வரை இலவசம், பிறகு மும்பையில் ஜிபிக்கு 0.1093 டாலர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் தொகை பார்க்க அழகாகத்தான் இருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேராது.

இப்போது பூட்டுக்கு வருவோம். உத்தேசத்தை ஊரே பார்க்கலாம். ஏ.டபிள்யூ.எஸ்ஸில் உண்மையில் ஆன செலவை, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி உள்ள ஐஏஎம் யூசர்கூட (அக்கவுன்ட்டுக்குள் தனியாக உருவாக்கித் தரும் லாகின்) முதலில் பார்க்க முடியாது. அக்கவுன்ட்டைத் தொடங்கிய மெயில் ஐடியின் லாகினான ரூட்டில் நுழைந்து, வலது மேல் மூலையில் 'அக்கவுன்ட்' பக்கம் போய், 'ஐஏஎம் யூசர் அண்ட் ரோல் ஆக்சஸ் டு பில்லிங் இன்ஃபர்மேஷன்' என்பதை 'ஆக்டிவேட்' செய்ய வேண்டும். அதன் பிறகு கணக்காளரின் யூசருக்கு 'ஏ.டபிள்யூ.எஸ் பில்லிங் ரீட்ஒன்லி ஆக்சஸ்' பாலிசியை, அதாவது பில்லைப் பார்க்க மட்டுமான அனுமதியை, தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். பாலிசியை மட்டும் போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வது வழக்கம். ரூட் மெயில் ஐடி வேலையை விட்டுப் போனவருடையது என்றால் பெரும்பாடுதான். அக்கவுன்ட், வெண்டரின் ஆர்கனைசேஷனுக்குள் (பல அக்கவுன்ட்களைச் சேர்த்த தொகுப்பு) இருந்தால், செலவு விவரம் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைக் காட்டுவதும் மறைப்பதும் அவர்கள் கையில். முதல் தடவை திறந்தால் தகவல் வர 24 மணி நேரம் ஆகும். திரையில் பார்ப்பது இலவசம். ஏபிஐ வழியாக, அதாவது புரோகிராம் எழுதிக் கேட்டால் ஒரு கேள்விக்கு 0.01 டாலர். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் டாஷ்போர்டு எழுதினால் ஒரு நாளுக்கு 14.40 டாலர். செலவைப் பார்க்கவே செலவு!

இந்த விஷயத்தில் அஷூர் எளிது: நேரடியாக வாங்கிய சப்ஸ்கிரிப்ஷனில் 'காஸ்ட் மேனேஜ்மென்ட் ரீடர்' ரோல் போதும். கூகுளில் 'பில்லிங் அக்கவுன்ட் வியூவர்'.

கால்குலேட்டருக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தரலாம். இருந்தும் ஆலைக்கு அனுப்பத் தகுந்தது அந்த லிங்க் இல்லை, மூன்று வரி எக்செல்: சீசன், மற்ற மாதம், ஜிஎஸ்டி. கூடவே ஒரு கேள்வி, ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?